இரு பாதிப் பள்ளி: இந்திய யூதப் பள்ளிகளின் பொதுப்பாடமும் கரிசல் வட்டார உதவிபெறும் பள்ளிகளும்

1. ஆய்வின் பொருளும் எல்லையும்

ஒரு சிறுபான்மைச் சமயத்தார் தம் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் கட்டும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. வேதத்தை எவ்வளவு நேரம் சொல்லிக் கொடுப்பது என்பது முதலாவது. கணக்கு, மொழி, அறிவியல், வரலாறு ஆகியவற்றை யார் வகுத்த திட்டத்தின்படி நடத்துவது என்பது இரண்டாவது. முதல் கேள்வியைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். பள்ளியின் ஆயுளைத் தீர்மானிப்பது இரண்டாவது கேள்விதான் என்பது இக்கட்டுரையின் கருத்து. அதற்குச் சான்றாக பம்பாயிலும் கல்கத்தாவிலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலாண்டில் உருவாகி இன்றும் நடந்துவரும் யூதப் பள்ளிகளை எடுத்துக்கொள்கிறேன். ஒப்பீட்டுக்குத் தூத்துக்குடி மாவட்டக் கரிசல் பகுதியான கடம்பூர், கயத்தாறு, கோவில்பட்டி வட்டாரத்தின் டி.டி.டி.ஏ. (புராட்டஸ்டன்ட்), ஆர்.சி. (கத்தோலிக்க) நடுநிலைப் பள்ளிகள்.

போளிக்குப் பேர்போன கடம்பூரில் உட்கார்ந்துகொண்டு யூதப் பள்ளிகளை ஏன் ஆராய வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதிலும் யூதர்கள் 4,650 பேர். எங்கள் பக்கத்தில் ஒரு நடுத்தரப் பேரூராட்சியின் மக்கள்தொகைகூட அதைவிட அதிகம். இத்தனை சிறிய சமூகம் நிறுவிய பள்ளிகள் இன்னும் மூடப்படாமல் இருக்கின்றன. ஆளே இல்லாத சமூகத்தின் பள்ளி எதை நம்பி நடக்கிறது என்ற கேள்விக்கான விடை, வகுப்பில் பிள்ளை குறைந்து தவிக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிகளுக்கும் தேவைப்படுகிறது.

2. பின்புலம்: ஒரே பாதியிலிருந்து இரு பாதிக்கு

யூத மரபில் தொடக்கக் கல்வி மிகப் பழையது. ஊர்தோறும் ஆசிரியரை அமர்த்தி, ஆறேழு வயதுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஏற்பாட்டைத் தலைமைக் குரு யோசுவா பென் கம்லா செய்தார் என்று யூதச் சட்டத் தொகுப்பான தல்மூத் சொல்கிறது. இவர் கி.பி. முதல் நூற்றாண்டினர். அதே பகுதியில் ஆசிரியர்–மாணவர் கணக்கும் வருகிறது. 25 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், 40 ஆனால் ஓர் உதவியாளர், 50 ஆனால் இரண்டு ஆசிரியர். நம்முடைய 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க நிலைக்கு 30, நடுநிலைக்கு 35 என்று வைத்திருப்பதோடு இதை ஒப்பிட்டால், பழைய சட்டம் ஒன்றும் பின்தங்கியதாக இல்லை. ஆனால் அந்தப் பள்ளியின் பாடம் வேதம் ஒன்றே. பிழைப்புக்கு வேண்டிய கணக்கையும் தொழிலையும் பிள்ளை கடையிலும் பட்டறையிலும் கற்றுக்கொண்டது.

பொதுப்பாடம் உள்ளே வந்தது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1778இல் பெர்லினில் யூத இலவசப் பள்ளி தொடங்கியது. 1782இல் யூதப் பிள்ளைகள் பொதுப்பாடம் படிக்க வழி செய்த, ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் யோசேப்பின் சகிப்பாணை வந்தது. அதே ஆண்டில் நப்தலி ஹெர்ட்ஸ் வெஸ்லி என்ற அறிஞர், வேதக் கல்விக்கு முன்பே மனிதருக்குப் பொதுவான அறிவு வேண்டும் என்று வாதிட்டு எழுதினார்; ரபிகள் பலர் கொதித்தெழுந்தார்கள். 1853இல் பிராங்க்பர்ட்டில் ரபி சாம்சன் ராபேல் ஹிர்ஷ் ஒரு பள்ளியை நிறுவி, ஆசாரம் குலையாமலே இரண்டையும் ஒரே கூரையின் கீழ் நடத்தலாம் என்று காட்டினார். இன்று அமெரிக்காவில் எட்டாம் வகுப்பு வரை நடக்கும் யூதப் பள்ளிகள் பலவற்றில் நாளின் ஒரு பாதி வேதமும் எபிரேயமும். மறுபாதி ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். வேதத்துக்கு ஒரு பொறுப்பாளர், பொதுப்பாடத்துக்கு இன்னொருவர் என்ற ஏற்பாடும் உண்டு. வெள்ளிக்கிழமை முன்கூட்டியே மணி அடித்துவிடும்.

இந்த வரலாற்றில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. எழும்பூர் ஆண்பிள்ளை அநாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், மெட்ராஸ் திண்ணைப் பள்ளியில் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு மணலில் எழுதக் கற்றுக் கொடுப்பதைப் பார்த்து, அந்தச் சட்டாம்பிள்ளை முறையைத் தன் இல்லத்தில் புகுத்தினார். 1797இல் அதை லண்டனில் நூலாக வெளியிட்டார். குறைந்த செலவில் நிறையப் பிள்ளைகளைப் படிக்க வைக்க வழி தேடிய இங்கிலாந்து இந்த முறையைப் பிடித்துக்கொண்டது. 1817இல் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஏழை யூதப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இலவசப் பள்ளியும் சட்டாம்பிள்ளைகளை வைத்துத்தான் நடந்தது. 1900 வாக்கில் அந்தப் பள்ளியில் 4,000 பிள்ளைகளுக்கு மேல் படித்தார்கள். அதன் அடித்தளத்தில் ஒரு திண்ணை வாத்தியாரின் சிக்கனம் இருக்கிறது.

3. பம்பாய்

3.1 மிஷன் பள்ளியில் எபிரேயம்

கொங்கணக் கடற்கரைக் கிராமங்களில் செக்காட்டிப் பிழைத்த பெனே இஸ்ரவேலர் என்ற யூதப் பிரிவினரை அக்கம்பக்கத்தார் ‘சனிவார் தேலி’ என்று அழைத்தார்கள். சனிக்கிழமை செக்கு ஓட்டாத எண்ணெய்க்காரர் என்பது பொருள். வீட்டில் பேசியது மராத்தி. சில பிரார்த்தனைகளும் விரதங்களும் உணவு விதிகளும் தலைமுறை தலைமுறையாக வந்தன. எபிரேய நூல்களைப் படிக்கும் கல்வி பெரும்பாலும் அற்றுப்போயிருந்தது.

அந்தக் கல்வியைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் கிறிஸ்தவ மிஷனரிகள். அவர்களுடைய நோக்கம் மதமாற்றம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. மெட்ராஸில் ஞானஸ்நானம் பெற்ற கொச்சி யூதர் மைக்கேல் சர்கோன் முதலில் கொச்சியிலும் பிறகு பம்பாய்ப் பக்கத்திலும் யூதப் பிள்ளைகளுக்குப் பள்ளிகளை நடத்தினார். 1829இல் பம்பாய் வந்த ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் வில்சன், 1832இல் மராத்தியில் ஓர் எபிரேய இலக்கண நூலை வெளியிட்டார். பெனே இஸ்ரவேல் பிள்ளைகள் மிஷன் பள்ளிக்குப் போனார்கள். எபிரேயமும் ஆங்கிலமும் கணக்கும் கற்றார்கள். மிகப் பெரும்பாலோர் மதம் மாறாமல் வீட்டுக்குத் திரும்பினார்கள். இங்கே பாதிகள் தலைகீழாகிவிட்டதைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் வேதக் கூடத்துக்குள் பொதுப்பாடம் நுழைந்தது. கொங்கணத்தில் பொதுப்பாடப் பள்ளிதான் வேதமொழியைச் சமூகத்துக்கு மீட்டுக் கொடுத்தது.

3.2 கெஹிம்கரின் பள்ளி

பிறர் பள்ளியை எத்தனை நாளைக்கு நம்புவது? ஹயீம் சாமுவேல் கெஹிம்கரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1875இல் பம்பாயில் இஸ்ரவேலர் பள்ளியைத் தொடங்கினார்கள். கெஹிம்கர் தம் சமூகத்தின் வரலாற்றை எழுதியவரும்கூட. அந்நூல் அவர் காலத்துக்குப் பின் 1937இல் டெல் அவீவில் அச்சாயிற்று. பள்ளியில் ஆங்கிலம், மராத்தி, கணக்கு முதலியவற்றோடு எபிரேயமும் இருந்தது. லண்டனின் ஆங்கிலோ–யூதச் சங்கம் உதவித்தொகை அனுப்பியது. பின்னர் ஹாங்காங், ஷாங்காய் நகரங்களில் பொருள் சேர்த்த பாக்தாத் யூதர் எல்லி கடூரியின் நன்கொடையால் பள்ளி அவர் பெயர் பெற்று, இன்றும் மஸகானில் சர் எல்லி கடூரி பள்ளியாக நடக்கிறது.

எபிரேயம் பொதுப்பாடத்தின் பக்கம் நகர்ந்தது இந்தக் காலத்தில்தான். 1857இல் தொடங்கிய பம்பாய்ப் பல்கலைக்கழகம் சமஸ்கிருதம், அரபி, பாரசீகம் போல எபிரேயத்தையும் தேர்வு மொழியாக ஏற்றது. யூத வணிகர் டேவிட் சசூன் பெயரிலான கல்வி நிலையத்தின் தலைமை ஆசிரியராக இருந்த ஜோசப் எசேக்கியேல் ராஜ்புர்க்கர், எபிரேய வழிபாட்டு நூல்களை மராத்தியில் பெயர்த்தவர். பல்கலைக்கழகத்தின் எபிரேயத் தேர்வாளராகவும் அவர் இருந்தார். காலையில் பிரார்த்தனைக்குப் பயன்பட்ட மொழி மத்தியானம் மதிப்பெண்ணுக்குப் பயன்பட்டது. சமயப் பாடம் பிழைக்க வேண்டுமானால் தேர்வுப் பட்டியலில் ஏற வேண்டும் என்ற விதிக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

3.3 மானியக் கணக்கு

இந்த விதியைச் செய்தவர் யார்? 1854 ஜூலை 19 தேதியிட்ட சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்க வழி செய்தது. அதற்கு ஒரு நிபந்தனை வைத்தது. ஆய்வாளர் உலகியல் பாடங்களை மட்டுமே பார்ப்பார். பள்ளியில் என்ன வேதம் நடக்கிறது என்பதில் அரசு தலையிடாது. நடுநிலை என்ற பெயரில் வந்த இந்த ஏற்பாடு, கால அட்டவணையின் நடுவே ஒரு கோடு போட்டுவிட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பணம் வரும். அந்தப் பக்கம் வராது.

1860களில் பம்பாயிலும் மெட்ராஸிலும் ‘பலனுக்கேற்ற மானியம்’ வந்தபோது கோடு இன்னும் ஆழமாயிற்று. எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றில் ஆய்வாளர் முன்னால் தேறிய பிள்ளை ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று பணம் கொடுத்தார்கள். ஒரு பிள்ளை வேதத்தின் சங்கீதப் புத்தகம் முழுவதையும் மனப்பாடமாகச் சொன்னாலும் பள்ளிக்கு அதனால் ஓர் அணா வராது. பின்னக் கணக்கைச் சரியாகப் போட்டால் வரும். மேலாளர் எவ்வளவு பக்திமானாக இருந்தாலும் ஆசிரியர் சம்பளத்துக்கு விடை சொல்லியாக வேண்டுமே. சமயப் பள்ளிகளில் பொதுப்பாடம் மேலோங்கியதற்கு நவீனச் சிந்தனை, மேல்நாட்டு மோகம் என்றெல்லாம் காரணம் சொல்வது வழக்கம். கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

4. கல்கத்தா

இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். பாக்தாத், அலெப்போவிலிருந்து வந்த வணிகக் குடும்பங்களின் சமூகம் கல்கத்தா யூதர். 1881இல் யூதப் பெண்கள் பள்ளி தொடங்கியது. ஆண்பிள்ளைகளுக்கு எலியாஸ் மேயர் இலவசப் பள்ளி மற்றும் தல்மூத் தோரா, அதாவது வேதக் கல்விக்கூடம். பெயரிலேயே இரண்டு பாதியும் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சுமார் 5,000 வரை இருந்த சமூகம், 1947க்குப் பின் இங்கிலாந்து, இஸ்ரேல், ஆஸ்திரேலியா என்று பிரிந்து போனது. இன்று ஐம்பது பேர்கூட இல்லை. பல பத்தாண்டுகளாக இந்தப் பள்ளிகளில் யூதப் பிள்ளை இல்லை. படிப்பவர்களில் பெரும்பாலோர் அந்தந்தத் தெருக்களில் குடியிருக்கும் முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள். பம்பாய் பைக்குல்லாவில் மாகேன் டேவிட் ஜெபாலய வளாகத்துக்குள் இருக்கும் சசூன் பள்ளிகளிலும் இதே நிலைமை.

இதை மத நல்லிணக்கத்தின் அற்புதம் என்று பத்திரிகைகள் ஆண்டுக்கொரு முறை படத்தோடு போடுகின்றன. நல்லிணக்கம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்துத் தெரு தாய் தன் மகளை அங்கே கொண்டு சேர்ப்பது, ஆங்கிலமும் கணக்கும் ஒழுங்காக நடக்கிறது, பெண்பிள்ளை பத்திரமாகப் போய் வரலாம் என்பதற்காக. நிறுவியவர்களின் வேதப் பாதி கப்பலேறிப் போய்விட்டது. கட்டடத்தைக் காத்து, ஆசிரியருக்குச் சம்பளம் தந்து, மணி அடிக்க வைத்துக்கொண்டிருப்பது பொதுப்பாடப் பாதி.

5. இரண்டு பாதியும் சந்திக்கக்கூடிய ஓர் இடம்

கோடு போட்டுப் பிரித்ததால் நேர்ந்த நஷ்டம் ஒன்றுண்டு. ஒரு பாதியில் கற்றது மறுபாதிக்குத் தெரியாது. அமெரிக்க யூதப் பள்ளிகளில் இதுபற்றி நெடுநாளாக விவாதம் நடக்கிறது. இரண்டையும் இணைத்து நடத்த வேண்டும் என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். மறுமுனையில், பொதுப்பாடத்துக்குப் பேருக்கு மட்டும் இடம் தரும் ஆசாரப் பள்ளிகளை முன்னிட்டு, நியூயார்க் மாநிலக் கல்வி ஆளுநர் குழு 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளிக்கு ஏறக்குறைய இணையான கல்வி தர வேண்டும் என்ற விதிகளை நிறைவேற்றியது.

இணைப்பு எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு பாடத்தை மட்டும் காட்டுகிறேன். யூத நாள்காட்டி சந்திர மாதத்தில் ஓடுகிறது. ஆனால் பஸ்கா பண்டிகை இளவேனிலில்தான் வர வேண்டும். அதற்காக 19 ஆண்டுகளில் 7 ஆண்டுகளுக்கு ஒரு மாதம் கூட்டுகிறார்கள். 12 ஆண்டு × 12 மாதம் = 144; 7 ஆண்டு × 13 மாதம் = 91; மொத்தம் 235 மாதம். ஒரு சந்திர மாதம் சராசரியாக 29.53059 நாள். பெருக்கினால் 6,939.69 நாள். சூரிய ஆண்டு 365.2422 நாள், 19 ஆண்டுக்கு 6,939.60 நாள். வித்தியாசம் இரண்டு மணி நேரத்தை ஒட்டி வருகிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தசமப் பெருக்கல் தெரியும். கரும்பலகையில் இந்த இரண்டு பெருக்கலையும் போட்டால் கணக்கு, வானியல், சமயம் மூன்றும் ஒரே பாடவேளையில் முடியும்.

இது யூதப் பிள்ளைக்கு மட்டுமான பாடமும் அல்ல. கரிசல் காட்டு ஊர்களில் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் நாயக்கர், ரெட்டியார் குடும்பங்கள் நிறைய. அவர்களுடைய யுகாதி சந்திரக் கணக்கில் வருவதால் ஆண்டுதோறும் தேதி நகரும். அந்தப் பஞ்சாங்கத்திலும் அதிக மாதம் 19 ஆண்டுக்கு ஏறக்குறைய 7 முறைதான். சித்திரை முதல் நாள் மட்டும் ஏன் ஏப்ரல் 14ஐ ஒட்டியே நிற்கிறது, யுகாதி ஏன் மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் அலைகிறது என்று ஒரே பெஞ்சில் இருக்கும் இரண்டு பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள். விடை கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அதை எடுத்துக் காட்டத்தான் அட்டவணையில் நேரமில்லை.

6. கரிசல் வட்டார ஒப்பீடு

வுட் அறிக்கை வந்த அதே 1854இல், ராக்லண்ட் என்ற சி.எம்.எஸ். மிஷனரி சிவகாசிப் பக்கத்தைத் தளமாகக் கொண்டு வட திருநெல்வேலிக் கிராமங்களில் கூடாரம் போட்டு ஊர் ஊராகப் போகத் தொடங்கினார். சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷன்கள் திறந்த பள்ளிகளின் வாரிசுகள்தாம் இன்றைய டி.டி.டி.ஏ. பள்ளிகள். கத்தோலிக்கர்களின் ஆர்.சி. பள்ளிகள் தனி. ஜெபத்துக்கும் படிப்புக்கும் ஒரே கட்டடம் என்று ஆரம்பித்த இவை, மானிய விதி வந்தபின் பம்பாய்ப் பள்ளிகள் போன பாதையிலேயே போயின. அரசியலமைப்பின் 30(1)ஆம் பிரிவு சிறுபான்மையோருக்குப் பள்ளி நடத்தும் உரிமை தருகிறது. 28(3)ஆம் பிரிவு, அரசு உதவி பெறும் பள்ளியில் விருப்பமில்லாத பிள்ளையைச் சமய போதனைக்கு உட்கார வைக்கக்கூடாது என்கிறது. சிறுவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். 2010ஆம் ஆண்டுச் சமச்சீர் பாடத்திட்டச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்ட் 9 அன்று நடைமுறைப்படுத்தச் சொன்ன பிறகு, நிர்வாகம் யாராக இருந்தாலும் புத்தகம் ஒன்றே.

சட்டப் பிரிவு வகுப்பறையில் எப்படி வடிவெடுக்கிறது என்று பார்ப்போம். தண்டவாளத் துண்டில் மணி அடித்ததும் ஒரே வகுப்பு இரண்டாகப் பிரியும். சபையைச் சேர்ந்த பிள்ளைகள் உள்ளே வேதப்பாடத்துக்கு; ஆர்.சி. பள்ளியானால் ஞானோபதேசத்துக்கு. மற்றவர்கள் வேப்ப மரத்தடிக்கு, நீதிபோதனைக்கு. கரிசல் ஊர்களில் மரத்தடிக் கூட்டம்தான் பெரும்பாலும் பெரியது. காலாண்டுத் தேர்வு நெருங்கினால் கணக்கு வாத்தியார் வந்து நிற்பார்: “டீச்சர், இன்னைக்கு நீதிபோதனை பீரியடை எனக்குக் குடுத்துருங்க, போர்ஷன் முடியல.” டீச்சரும் தலையாட்டுவார். 1860களின் மானியக் கணக்கு இன்னும் அந்த வேப்ப மரத்தடியில் வேலை செய்கிறது என்றே இதைப் படிக்கிறேன்.

பொதுப்பாடம் ஜெயித்துவிட்டது என்பதற்காக அது நிறைவானது என்று ஆகிவிடாது. 1901இலிருந்து கோவில்பட்டியில் கரிசல் மண்ணையும் மானாவாரிப் பருத்தியையும் ஆராயும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சமச்சீர்ப் புத்தகத்தில் கரிசல் மண், மண் வகைகள் என்ற பட்டியலில் வந்து போகிறது. ஐப்பசி மழைக்குப் பின் விதைத்து, தையில் உளுந்தும் பாசியும் எடுத்து, மாசி, பங்குனியில் பருத்திக்குப் போகும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு, கோடையில் நிலம் ஏன் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது என்பது புத்தகத்துக்கு வெளியே தெரிந்த செய்தி. களிமண் நீரை உறிஞ்சி ஊதுவதும் காய்ந்து சுருங்குவதும் அதற்கான அறிவியல். இரண்டையும் சேர்த்துக் கட்டும் வேலையைப் பாடத்திட்டம் ஆசிரியரிடம் விட்டுவிட்டது. ஆசிரியரிடம் போர்ஷன் பாக்கி இருக்கிறது.

இரு வட்டாரங்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பம்பாய், கல்கத்தா யூதப் பள்ளிகளில் நிறுவிய சமூகம் போனபின் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து நிரப்பினார்கள். அங்கே ஜன நெருக்கடி அதற்குத் துணை. கரிசல் ஊரில் சமூகம் எங்கும் போகவில்லை; பிள்ளைகள்தாம் காலையில் வேனேறிக் கோவில்பட்டி மெட்ரிக் பள்ளிக்குப் போகிறார்கள். உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் முதல் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இருபது பிள்ளை என்று நிற்கிறது. ஆகவே பொதுப்பாடம் ஒரு பள்ளியை வாழவைக்கும் என்பது, அந்தப் பொதுப்பாடம் தெருவில் நல்ல பேர் எடுத்திருந்தால் மட்டுமே பொருந்தும். வேதப்பாடத்தைக் குறைத்ததாலும் பிள்ளை வரவில்லை. கூட்டினாலும் வரப் போவதில்லை. ஆங்கிலமும் கணக்கும் இங்கேயே நன்றாக நடக்கிறது என்று பெற்றோர் நம்பினால் வருவார்கள்.

7. சான்றுகளைக் காக்கும் வேலை

இந்த வாதத்தை மேலே கொண்டுபோக வேண்டுமானால் பள்ளி வரலாற்று மலர்களும் நூற்றாண்டு விழாப் பேச்சுகளும் போதாது. அவற்றில் நிறுவனர் படம் இருக்கும், பாடவேளை இருக்காது. எந்தப் பாடத்துக்கு வாரத்தில் எத்தனை பீரியட், ஆய்வாளர் வந்த நாளில் என்ன எழுதினார், எந்த ஆண்டில் எத்தனை பிள்ளை மரத்தடிக்குப் போயிற்று என்பதெல்லாம் பழைய கால அட்டவணையிலும் ஆய்வுக் குறிப்பேட்டிலும் சேர்க்கைப் பதிவேட்டிலும்தான் கிடைக்கும். நூறாண்டு தாண்டிய உதவிபெறும் பள்ளிகள் நம் மாவட்டத்தில் ஏராளம். தலைமை ஆசிரியர் மாறும்போதும் கட்டடம் இடிக்கும்போதும் இந்தக் கட்டுகள் எடைக்குப் போகின்றன. கயத்தாறு, கோவில்பட்டி வட்டாரத் தலைமை ஆசிரியர்களும் தாளாளர்களும் அடுத்த முறை அலமாரியை ஒழிக்கும்போது, 1950க்கு முந்தைய பதிவேடு எதுவானாலும் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துவிட்டு, மூலத்தை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கோ திருமண்டல அலுவலகத்துக்கோ எழுதிக் கேட்டு ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.